செகந்திராபாத்திலிருந்து ஆஹன் வரை

1

என் பேத்தி மீரா சமையலறை மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு ஐந்து நாடுகளை ஒரு வார இறுதிக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். ம்யூனிக்கிலிருந்து வெள்ளிக்கிழமை காலை காரில் புறப்படுவது. பிரான்சின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு லக்ஸம்பர்க்கில் தங்கல். மறுநாள் பெல்ஜியம், நெதர்லாந்து. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஜெர்மனிக்குள் வந்து வீடு.

"பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வைக்கணுமா?" என்று கேட்டேன்.

நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்களுக்குள் அப்படித்தான் ஓடுகிறது. "அங்க யாருமே நிக்க மாட்டாங்க ஓப்பா" என்றாள். ஓப்பா என்றால் தாத்தா. "ஒரு நீலப் பலகை வரும். பார்க்கலேன்னா நாடு மாறினதே தெரியாது."

பிறகு எனக்குப் பிரியமாக இருக்கட்டும் என்று ஒன்று சொன்னாள். திரும்பும் வழியில் காபி குடிக்க ஓர் ஊர் நான் தேர்ந்தெடுக்கலாம்.

"ஆஹன்" என்றேன்.

நெதர்லாந்து, பெல்ஜியம் எல்லைகள் ஜெர்மனியை முட்டும் இடத்தில் இருக்கும் ஊர் அது. நாற்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் இருக்கிறேன். வேலை நிமித்தம் அந்த ஊர் வழியாக ரயிலில் பல முறை போயிருக்கிறேன். ஒரு முறைகூட இறங்கியதில்லை. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்திருந்தால், ஊர் கண்ணில் படாமலிருக்க எழுந்து போய் நின்றுகொள்வேன்.

ஹைதராபாத்தில் இதைப் படிக்கப்போகிறவர்களில் குஷாய்குடா தொழிற்சாலைப் பக்கம் என்னோடு வேலை பார்த்தவர்கள் ஓரிருவர் இன்னும் இருக்கலாம். அவர்களுக்கு இதன் முதல் பாதி தெரியும். அன்று வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். இரண்டாம் பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

2

அந்த அரசுத் தொழிற்சாலையின் கேன்டீனில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நீள மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருவரைப் பக்ரா ஆக்குவது. பக்ரா என்றால் ஆடு. ஹைதராபாத்தில் ஏமாந்தவனுக்கு அதுதான் பெயர். ஜனவரியில் ஆளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பெரிய பொய்யை மாதக்கணக்கில் ஊட்டி வளர்த்து, தசரா அன்று காலை ஒரு இரானி ஓட்டலில் கழுத்தில் ஆட்டு மணி கட்டிவிட்டு, "பக்ரா!" என்று எல்லோரும் கத்துவோம். ஏமாந்தவர் சிரிக்க வேண்டும். மேசை முழுவதற்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். அதற்குப் பிறகு அவரும் மேசைக்காரர்.

நான் சேலத்திலிருந்து வேலைக்குச் சேர்ந்த வருடமே பக்ரா ஆனவன். என்னை அஸ்ஸாமுக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி, மல்காஜ்கிரியில் நான் பிடித்திருந்த வாடகை வீட்டைக் காலி செய்கிற வரைக்கும் கொண்டுபோனார்கள். சிரித்தேன், பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அதனால் அது பெரிய காயம் இல்லை என்று நம்பினேன். இன்று யோசித்தால், சிரித்ததாக மட்டும்தான் நினைவிருக்கிறது. சிரிப்பு வந்ததா என்று நினைவில்லை.

சவரிமுத்து சார் நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளர். நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கர். அவர் தகப்பனார் ரயில்வேயில் வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்டவர். ஐம்பத்தைந்து வயது, மனைவி இல்லை, தனி ஆள். எங்கள் விடுப்பு விண்ணப்பங்கள் அவர் கையால்தான் போகும். என் மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த அன்று கொஞ்சம் தாமதமாக வந்தேன். அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்.

"சார், குழந்தை பிறந்திருக்கு சார்" என்றேன்.

"சந்தோசம் டே. ஆனா ரூலு இடம் குடுக்காது, கேட்டியா" என்றார்.

அந்தக் "கேட்டியா"வை நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு மற்றவர்களைப் போலப் பேசிக் காட்டும் திறமை உண்டு. தொண்டையைச் செருமிவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூக்கிலிருந்து கொஞ்சம் குரலை இறக்கி, "கேட்டியா" என்றால் மேசையே உருளும். அடுத்த ஜனவரியில் ஆளைத் தேடவே இல்லை. நான்தான் பெயரைச் சொன்னேன்.

3

அவர் ஒரு கரும்பச்சை ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருந்தார். ஞாயிறு தவறாமல் அதைக் கழுவுவார். பாகிஸ்தானோடு மறுபடி பேச்சுவார்த்தை நடந்து, எல்லையைத் திறந்துவிட்டிருந்த காலம். வெள்ளைக்கார இளைஞர்கள் லண்டனிலிருந்து பஸ்ஸிலும் வேனிலும் வந்துகொண்டிருந்தார்கள். எனவே பொய் எங்களுக்குத் தயாராகவே கிடைத்தது. நாங்கள் நான்கு பேர் இரண்டு காரில் ஐரோப்பா போகப்போகிறோம். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி, அதற்குப் பிறகு ஐரோப்பா. புறப்படும் நாள் தசரா.

எங்கள் மேசையின் ஹமீதும் சத்யமும் பேச்சை ஆரம்பித்தார்கள். ஹமீத் பழைய நகரத்துக்காரர், சத்யம் விஜயவாடாக்காரர். சவரிமுத்து சார் காதில் விழும்படி பேசினால் போதும் என்று ஏற்பாடு. இரண்டாம் நாளே தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்துவிட்டார்.

"கேட்டியளா, காருக்கே ஒரு பாஸ்போர்ட்டு உண்டும். அது இல்லாம பார்டர்ல விட மாட்டான். மெட்ராஸ்ல மோட்டார் சங்கத்துல வாங்கணும்."

"அரே சாப், உங்களை விட்டா யார் இருக்காங்க? நீங்கதான் பிரெசிடெண்ட்" என்றார் ஹமீத்.

அவர் தலைவர் ஆனார். அதற்குப் பிறகு நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அலுவலகத்தின் ஆட்சேபணை இல்லாச் சான்று, பாஸ்போர்ட், விசா, மருந்து, உதிரி பாகம் என்று எல்லாவற்றையும் அவரே முறைப்படி செய்தார். நாங்களும் செய்துவிட்டதாகத் தலையாட்டினோம். காலரா ஊசிச் சான்று ஆறு மாதம்தான் செல்லும் என்று தெரிந்தும் போய்க் குத்திக்கொண்டு வந்து, கை வீங்கி, காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். சத்யம் தன் கையில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு, "அய்யோ சார், நொப்பி சார், நொப்பி" என்று வலியில் முனகுவதுபோல முனகினார். சவரிமுத்து சார் எழுந்து போனதும் பிளாஸ்திரியை உரித்து என் நெற்றியில் ஒட்டினார்.

மாலையில் சவரிமுத்து சார் இரானி ஓட்டலுக்குப் போய் முதலாளியிடம் பாரசீக மொழி கற்றுக்கொண்டார். "தண்ணீர் எங்கே கிடைக்கும்", "என் வண்டி பழுதாகிவிட்டது", "நான் என் மகளைப் பார்க்கப் போகிறேன்". இந்த மூன்றாவது வாக்கியத்தை எதற்குக் கற்றுக்கொண்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களிடம் மகளைப் பற்றி அவர் சொன்னதே இல்லை.

வரைபடம் வரையும் வேலை எனக்கு. அதை மட்டும் உண்மையாகவே செய்தேன். பெரிய தாளில், ஊர் ஊராக, மலைப் பாதை எது, பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று நூலகத்தில் தேடி வரைந்தேன். பொய் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை.

4

வரைபடத்தைக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் தன் வீட்டின் மூடிய கதவுக்கு முன்னால், வெளியே, எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். கையில் பெட்டி. யாரோ உள்ளே இருப்பதுபோல் கதவைப் பார்த்துப் பேசினார்.

"மக்கா, அப்பா வந்திருக்கேன். கதவத் தொற."

திருப்தி வரவில்லை. தொண்டையைச் செருமினார். இன்னும் மெதுவாக, "மக்கா. அப்பா வந்திருக்கேன். கதவத் தொற" என்றார்.

நான் செருப்பைத் தேய்த்து ஓசை எழுப்பினேன். திரும்பினார். வெட்கப்பட்டார். உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் போட்டுக்கொண்டே சொன்னார். ஒரே மகள் ரோஸ்லின். கன்னியாஸ்திரிகள் மூலமாக ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள். அங்கே ஒரு ஜெர்மன்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தாய் இறந்தபோது நிறைமாதம், வர முடியவில்லை. இவர் கோபத்தில், "இனி உனக்கு அப்பனும் இல்ல" என்று எழுதிவிட்டார். அதோடு கடிதம் நின்றுவிட்டது.

"நான் மன்னிப்புக் கேட்டு எழுதுனா அவ படிக்காமலே கிழிச்சுருவா. என் புள்ளையில்லா, எனக்குத் தெரியும். நேரா போய் நிக்கணும். இத்தனை நாடு தாண்டி ஒருத்தன் வந்து வாசல்ல நின்னா, தொறக்காம இருப்பாளாடே?"

"கண்டிப்பா திறப்பாங்க சார்" என்றேன்.

"ஏரோப்ளேன்ல போலாம்தான். கடன் வாங்கிப் போலாம். ஆனா அது சீக்கிரமா முடிஞ்சுரும். நான் கொஞ்சம் கஷ்டப்பட்டுல்லா போகணும்."

வரைபடத்தின் கடைசியில் அவள் வீட்டு முகவரியை எழுதச் சொன்னார். ஆஹனில் ஒரு தெரு, ஒரு எண். என் கையாலேயே எழுதினேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். இதை எழுதும்போதும் கை அந்த இடத்தில்தான் நிற்கிறது. அன்றுவரை அது விளையாட்டு. அந்தத் தேநீரைக் குடித்த பிறகு அது வேறு ஒன்று. எனக்கு அது புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

மறுநாள் கேன்டீனில், "மக்கா, அப்பா வந்திருக்கேன். கதவத் தொற" என்று பேசிக் காட்டினேன். தட்டை நெஞ்சோடு பெட்டிபோல் பிடித்துக்கொண்டு. ஹமீத் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். "பஸ் யார், பஸ்!", போதும்பா போதும் என்றவர்களே அடுத்து "ஒன் மோர்!" என்றார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தினமும் யாராவது கேட்பார்கள். தினமும் செய்தேன். நாளாக ஆக இன்னும் அச்சாக வந்தது.

5

ஏப்ரலில் உண்மையான வழி ஒன்று திறந்தது. அவர் பங்குக் கோயிலுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒரு பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் தன் வேனிலேயே ஊர் திரும்பப்போகிறார். ஓர் இடம் காலி. பெல்ஜியத்திலிருந்து ஆஹன் எட்டிப்பிடிக்கும் தூரம். சவரிமுத்து சாரிடம் எல்லாக் காகிதமும் தயாராக இருந்தது.

என்னிடம்தான் யோசனை கேட்டார். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் வைத்துக் கேட்டார்.

"சாமியாரோட போயிரட்டுமாடே? ஆனா நீங்கள்லாம் என்னை நம்பி இறங்கியிருக்கிய. பிரெசிடெண்டே முன்னால ஓடிட்டான்னு வரப்பிடாதுல்லா."

அவர் போய்விட்டால் தசராவுக்கு ஆடு இல்லை. எனக்கு ஓடிய நினைப்பு அது ஒன்றுதான்.

"வேண்டாம் சார். உங்க சொந்த வண்டியில போய் நிக்கிறதுதான் உங்களுக்கு மரியாதை. அடுத்தவங்க வேன்ல தொத்திக்கிட்டு வந்தார்ன்னு மாப்பிள்ளை நினைக்கக் கூடாதில்ல?" என்றேன்.

அவர் பெருமை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கேயே கை வைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டார். பாதிரியாரிடம் மறுத்துவிட்டார்.

மழைக்காலத்தில் பாதிரியாரிடமிருந்து படம் போட்ட தபால் அட்டை வந்தது. வழி நன்றாக இருக்கிறது, எல்லா இடத்திலும் நல்ல மனிதர்கள் என்று எழுதியிருந்தார். சவரிமுத்து சார் அதை மேசைக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "பாத்தியாடே, உன் மேப்பு அச்சொட்டா சரி!" அப்போது காலரா சான்று காலாவதியாகியிருந்தது. மறுபடியும் ஊசி போட்டுக்கொண்டார்.

6

தசரா அன்று காலை இரானி ஓட்டலின் ஜன்னலோர மேசைகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்தார். கார் மேல் பெட்டியும் உபரி டயரும் கட்டியிருந்தது. பின் கண்ணாடியில் வெள்ளைப் பெயிண்டால், ஆங்கிலத்தில், "செகந்திராபாத் – ஆஹன்" என்று எழுதியிருந்தார். கோட்டு போட்டிருந்தார். அந்த வெயிலில்.

இறங்கி எங்கள் பைகளைத் தேடினார். "சாமானெல்லாம் எங்க டே?"

ஹமீத் மாலையோடு எழுந்துபோனார். மாலையின் நடுவில் ஆட்டு மணி. கழுத்தில் விழுந்ததும் மணி ஒலித்தது. நாங்கள் எல்லோரும், "பக்ரா!"

அவர் சிரித்தார். ஏதோ வழியனுப்பும் சடங்கு என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

கல்லாவிலிருந்து ஓட்டல் முதலாளி எழுந்து வந்தார். "கைக்கு மியான்?" என்றார் ஹமீதிடம். எதற்கு இப்படி? "புட்டா ஆத்மி ஹை, வயசானவர். அவருக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கேன்." பிரியாணி தர மறுத்தார். சவரிமுத்து சார்தான் அவர் கையைப் பிடித்தார்.

"நக்கோ, நக்கோ, வேண்டாம். வழக்கம் வழக்கம்தான். கொண்டு வரச் சொல்லுங்க. ரூல்னா ரூல்தானே" என்றார்.

எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். தானும் உட்கார்ந்து சாப்பிட்டார். மணியைக் கழற்றவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் அது சின்னதாக ஒலித்தது. முடிந்ததும் காருக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். முந்திரிக்கொத்து. பாசிப்பயறும் கருப்பட்டியும் போட்டு அவர்கள் ஊரில் செய்வது. அக்காளிடம் சொல்லிச் செய்து வரவழைத்தது.

"ஒரு மாசத்துக்குக் கெடாது. இனி வச்சு என்ன செய்ய, எடுத்துக்கோங்க" என்று டின்னை மேசை சுற்றி நீட்டினார். எல்லோரும் எடுத்தோம். நான் இரண்டு எடுத்தேன்.

போகும்போது என்னிடம் மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை, சரிபார்ப்பதுபோல் இருந்தது. "அந்தச் சாமியார் வண்டியில ஏறியிருந்தா இதுக்குள்ள போய்ச் சேந்திருப்பேன், இல்லியாடே?"

"ஆமா சார்."

"ம்" என்றார். காரைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வெயில் காலத்தில் தனியாகப் போவதாக யாரிடமோ சொன்னாராம். அதற்குள் ஆப்கானிஸ்தானில் ஆட்சி கவிழ்ந்தது. பிறகு ஈரான் பற்றி எரிந்தது. அந்தச் சாலை அவர் வாழ்நாளில் மறுபடி திறக்கவில்லை. அவர் அதற்கு மறுவருடம் நெஞ்சு வலியில் இறந்தார். மேசைக்காரர்கள் எல்லோரும் கல்லறைக்குப் போனோம். கார் குவார்ட்டர்ஸ் வாசலில் பல நாள் நின்றது, பின் கண்ணாடி எழுத்தோடு.

7

சில ஆண்டுகளில் தொழிற்சாலை என்னைப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. பேகம்பேட்டில் விமானம் ஏறி, பம்பாயில் மாறி, அவர் படித்த நாடுகள் அத்தனைக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டே வந்தேன். பிறகு இங்கேயே வேலை கிடைத்தது, தங்கிவிட்டேன். பொங்கல் கூட்டமொன்றில் யாரோ சொன்னார்கள், ஆஹனில் ரோஸ்லின் என்று ஒரு பழைய நர்ஸ் இருக்கிறாராம், ஊர்ப் பேச்சை எடுத்தாலே எழுந்துபோய்விடுவாராம், அப்பா ஒதுக்கிவிட்டாராம். அன்றே எனக்கு அவர் தொலைபேசி எண் கிடைத்தது. உங்கள் அப்பா உங்களிடம் வரப் புறப்பட்டார் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரியைச் சொன்னால், ஏன் வரவில்லை என்று அவர் கேட்பார். அதனால் சொல்லவில்லை. செய்த கேலியைவிட இந்த மௌனம்தான் நீளம்.

மீரா நாடுகளை அடுக்கிய அன்று மாலை அந்த எண்ணை அழைத்தேன். "உங்க அப்பாகூட வேலை பார்த்தவன்." எடுத்தது ரோஸ்லின்தான். பிறகு, "வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஹன் போய்ச் சேர்ந்தோம். முகவரி மாறவில்லை. நான் வரைபடத்தில் எழுதிய அதே வீட்டு எண். மீரா காரை நிறுத்த இடம் தேடிப் போனாள். இரண்டாம் மாடியில் கதவைத் திறந்த பெண்மணிக்கு எழுபதுக்கு மேல். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.

"அப்பா என்னப் பத்தி எப்பவாச்சும் பேசுனாரா?" என்றுதான் முதலில் கேட்டார். ஐம்பது வருடமாகப் பழகாத தமிழ், ஆனால் ஒரு தேய்வும் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். என் பங்கை எங்கேயும் குறைக்கவில்லை. முடிந்த பிறகு கேள்விகள் வந்தன.

"வண்டி என்ன கலரு?"

"கரும்பச்சை."

"கோட்டா போட்டிருந்தாரு? அப்பாகிட்ட கோட்டே கிடையாதே."

"உங்களைப் பார்க்கத்தான் தைச்சிருக்கணும்."

"எனக்குன்னு எதாச்சும் எடுத்து வச்சிருந்தாரா?"

"முந்திரிக்கொத்து. ஒரு டின் நிறைய."

"அது என்னாச்சு?"

"நாங்க தின்னுட்டோம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் ஒரு நீளமான பஸ் போனது. "அவரு மொகம் போட்டோல இருக்கு. குரலுதான் போயிட்டு. எவ்வளவு யோசிச்சாலும் வரல" என்றார், எனக்குச் சொல்வதாக இல்லாமல்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எனக்கு வரும்" என்றேன். "அவரை மாதிரி நான் பேசுவேன். பேசிப் பேசித்தான் உங்க அப்பாவைக் கேலி செஞ்சோம். நீங்க கதவைத் திறக்கணும்னு அவர் சொல்லிப் பார்த்தது இருக்கே, அது எனக்கு அப்படியே வரும்."

எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தார்.

"வெளிய போய் நின்னு சொல்லுங்க."

போய் நின்றேன். கதவு மூடியது. மாடிப்படியில் யாருமில்லை. தொண்டையைச் செருமினேன். தலை தானாகச் சாய்ந்தது.

"மக்கா. அப்பா வந்திருக்கேன். கதவத் தொற."

பிசிறு இல்லாமல் வந்தது. அத்தனை மாதம் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பழகியது வீண் போகவில்லை.

உள்ளேயிருந்து, கதவுக்கு மிக அருகில், "இன்னொரு தடவ" என்றார்.

சொன்னேன்.

"இன்னொரு தடவ."

எத்தனை முறை என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்கும் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு குழந்தை கேட்பதுபோல் இருந்தது. அதற்கும் சொன்னேன். அதன் பிறகு உள்ளே ஓசை இல்லை. காத்திருந்தேன். என் மேல்கோட்டும் கைத்தடியும் உள்ளேதான் இருந்தன.

படியேறி வந்த மீரா பாதியில் நின்றுவிட்டாள். நான் கடைசியாகச் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஓப்பா? யார்கிட்ட பேசுறீங்க? உங்க குரல் ஏன் அப்படி இருக்கு?"

கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை மேல்கோட்டையும் கைத்தடியையும் வெளியே நீட்டியது. வாங்கிக்கொண்டேன். கதவு மூடியது. உள்ளே சாவி இரண்டு சுற்றுத் திரும்பும் சத்தம் கேட்டது.